கால்குலேட்டரில் கேலக்ஸியின் தூரம்

வீட்டுக் கணக்கு பார்க்க மட்டும்தான் உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள கால்குலேட்டரைப் பயன்படுத்துகிறீர்களா? ஒரு கேலக்ஸி எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதையும் அதில் கணக்கிடலாம்.

அருகில் உள்ள கேலக்ஸிகளுக்கு விண்மீன்களே அளவுகோல். செஃபீடு வகை விண்மீன்களின் பிரகாசம் சீராகக் கூடிக் குறையும். இதற்கு அதிக நாட்கள் எடுத்தால், அதன் உண்மையான ஒளியும் அதிகம் என்று 1912ல் ஹென்ரியட்டா லீவிட் காட்டினார். உண்மையான ஒளியை நமக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டால் தூரம் கிடைக்கும். ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் தூரம் சுமார் 25 லட்சம் ஒளி ஆண்டுகள்.

மிகத் தொலைவில் விண்மீன்கள் தனித்தனியே தெரியாது. ஆனால் பிரபஞ்சம் விரிவதால், அங்கிருந்து வரும் ஒளி சிவப்பு நிறத்தை நோக்கி நகர்ந்திருக்கும். எவ்வளவு நகர்ந்துள்ளது என்று பார்த்து விலகும் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். தூரம் கூடினால் வேகமும் கூடும் என்று 1929ல் எட்வின் ஹப்பிள் காட்டினார்.

இப்போது கால்குலேட்டரைத் திறந்து கொள்ளுங்கள். கோமா கேலக்ஸிக் கூட்டம் விநாடிக்குச் சுமார் 7,000 கி.மீ. வேகத்தில் விலகுகிறது. 7,000ஐ ஹப்பிள் மாறிலியான 70ஆல் வகுங்கள். விடை 100 மெகாபார்செக். ஒரு மெகாபார்செக் 32.6 லட்சம் ஒளி ஆண்டுகள். எனவே தூரம் 32.6 கோடி ஒளி ஆண்டுகள்.

இந்த 70 தோராயமான எண்தான். செஃபீடுகளையும் சூப்பர்நோவாக்களையும் கொண்டு அளந்தால் சுமார் 73 கிடைக்கிறது. பிளாங்க் செயற்கைக்கோள் பதிவு செய்த ஆதிகால ஒளியிலிருந்து கணக்கிட்டால் சுமார் 67. இரண்டாலும் வகுத்துப் பாருங்கள். முதல் விடை 31.3 கோடி, அடுத்தது 34.1 கோடி ஒளி ஆண்டுகள். அளப்பதில் பிழையா, அல்லது பிரபஞ்சத்தில் நாம் அறியாதது ஏதும் உள்ளதா? விஞ்ஞானிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

ஒரு குறிப்பு: ஆண்ட்ரோமெடாவுக்கு இந்த வகுத்தல் பொருந்தாது. ஈர்ப்பு விசையால் அது நம்மை நோக்கி வந்து கொண்டிருக்கிறது!