குசினிக்கு ஒரு கொங்கிறீற்று மேடை

"சுவாமி, இந்தக் காணியில எத்தினை வருசம் இருக்கப் போறமெண்டு ஆருக்குத் தெரியும்? இதுக்குள்ள குசினியில மேடை கட்டச் சொல்லுறியள்!"

தற்காலிக வீடொன்றின் வாசலில் நின்று ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. மூன்று முறை இடம்பெயர்ந்த குடும்பம். குசினியில் மண் தரையில் அடுப்பு. அதன் அருகே குந்தியிருந்தே தேங்காய் துருவுவதும் மீன் வெட்டுவதும் சோறு வடிப்பதும். தோட்ட வேலையால் ஏற்கனவே நோகும் நாரியோடு மாலையில் மீண்டும் இரண்டு மணித்தியாலம் குனிய வேண்டும். தவழும் பிள்ளைக்குக் கத்தியும் கொதிநீரும் எட்டிய தூரத்திலேயே இருக்கும். கோழிக்கும் அப்படியே.

அவருடைய கேள்வி நியாயமானது. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வன்னியில் சனம் கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிச் சென்றது. கழற்ற முடிந்தவை கூடவே போயின. கட்டியவை அங்கேயே நின்றுவிட்டன. சொந்தக் காணிக்கு இன்னும் திரும்ப முடியாத ஒருவருக்குச் சீமெந்துச் செலவு சொல்பவர் இதை நினைவில் வைத்துத்தான் பேச வேண்டும்.

ஆகவே நான் சொல்லும் மேடை சுவரோடு சேர்த்து வார்க்கும் மேடை அல்ல. முற்றத்தில் தனியாக வார்த்து, தூக்கி வைத்து, தேவையானால் மீண்டும் தூக்கிச் செல்லும் தட்டு. ஆறடி மேடையை ஒரே தட்டாக வார்த்தால் ஏறக்குறைய 135 கிலோ வரும். அதையே மூன்றடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு அங்குலத் தடிப்பில் இரு தட்டுகளாக வார்த்தால் ஒவ்வொன்றும் 70 கிலோவுக்குள் அடங்கும். நான்கு பேர் சிரமமின்றித் தூக்கலாம்.

வேலைக்குப் போகுமுன் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதன்முதலில் எமது மிஷன் வீட்டுக் குசினிக்குத்தான் தட்டு வார்த்தோம். முகம் கண்ணாடி போல வர வேண்டும் என்ற ஆசையில், மினுக்கிய பழைய மேசைப் பலகையின் மேல் கவிழ்த்து வார்த்தேன். வழக்கம்போலக் கம்பியை அடியில் வைத்தேன். காய்ந்தபின் புரட்டினோம். முகம் உண்மையிலேயே அழகுதான். ஆனால் அடியில் வைத்த கம்பி இப்போது மேலே வந்துவிட்டது. அதை நான் யோசிக்கவில்லை. திருநாள் அன்று சோற்றுக் கிடாரத்தை நடுவில் வைத்ததும் தட்டு குறுக்கே வெடித்து மடிந்தது. சமைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கால் தப்பியது ஆண்டவரின் இரக்கம். "சுவாமி, இது கல்லோ, கடதாசியோ?" என்று அவர் கேட்டதை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இதன் காரணத்தை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம். பச்சைக் கிளுவந்தடியை முழங்காலில் வைத்து வளைத்துப் பாருங்கள். உட்பக்கம் நெருங்கும், வெளிப்பக்கம் கிழியும். இரு கட்டுகளின் மேல் கிடக்கும் தட்டில் பாரம் ஏறும்போது மேற்பக்கம் நெருங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. கொங்கிறீற்று நெரிசலை நன்றாகத் தாங்கும். இழுவையை ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். இழுவையைத் தாங்குவது கம்பி. ஆகவே பாவிக்கும்போது எது அடிப்பக்கமோ, அந்தப் பக்கத்தில்தான் கம்பி இருக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் முகத்தை மேலே வைத்தே வார்ப்பது நல்லது. கம்பி அடியில், முகம் மேலே. புரட்டும் வேலையே இல்லை.

மட்டமான, இறுகிய நிலத்தில் பொலித்தீன் விரியுங்கள். இரண்டு அங்குல உயரமான பனஞ்சலாகையால் நாலு பக்கச் சட்டம் அடித்து, உட்புறம் சவர்க்காரம் பூசுங்கள். 6 மில்லிமீற்றர் கம்பியில் நீளவாட்டில் ஐந்து, குறுக்கே ஆறு வெட்டிக் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். நீளக் கம்பிகள் கீழே வரட்டும்; முனைகள் சட்டத்தில் முட்டாமல் ஒரு அங்குலம் உள்ளே நிற்கட்டும். முதல் நாளே முக்கால் அங்குலத் தடிப்பில் சிறு சாந்துக் கட்டிகள் செய்து காயவைத்து, அவற்றின் மேல் கம்பி வலையை இருத்துங்கள். வெறும் நிலத்தில் கிடக்கும் கம்பி கொங்கிறீற்றுக்குள் மூடுபடாது, ஈரத்தில் துருப்பிடிக்கும்.

கலவை ஒன்றுக்கு இரண்டுக்கு மூன்று. பத்து லீற்றர் வாளியால் ஒன்றரை வாளி சீமெந்து, மூன்று வாளி மணல், நாலரை வாளி அரை அங்குலத்துக்கு உட்பட்ட சல்லி: இரு தட்டுக்கும் இது போதும். 50 கிலோப் பையில் பாதிகூட முடியாது. கடற்கரையை அண்டி இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடல் மணல் இலவசமாகக் கிடைக்கிறதென்று அள்ள வேண்டாம். அதிலுள்ள உப்பு கம்பியைத் தின்னும். துருவேறிப் பருத்த கம்பி தட்டை உள்ளிருந்தே வெடிக்கச் செய்யும். உவர்க்கிணற்றுத் தண்ணீரும் அப்படியே. குடிக்க உகந்த தண்ணீர்தான் சீமெந்துக்கும் உகந்தது. ஆற்று மணலென்றாலும், ஒரு கண்ணாடிப் போத்தலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள். மேலே தடித்த சேற்றுப்படை படிந்தால் கழுவித்தான் பாவிக்க வேண்டும்.

தண்ணீர் ஒரு வாளிதான், அதாவது பத்து லீற்றர். மணல் ஈரமென்றால் அதிலும் குறைவு. கலவை இறுக்கமாக இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவதுதான் எங்கள் ஊர்களில் நடக்கும் பெரிய பிழை. ஊற்றும் ஒவ்வொரு செம்பும் பலத்தைக் குறைக்கிறது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஒழுகக் கூடாது. அப்படிப் பிடித்துப் பார்க்கும்போது கையில் பொலித்தீன் பையாவது மாட்டுங்கள். ஈரச் சீமெந்து தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவி வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கலவையைக் கொட்டிக் கம்பித் துண்டால் நன்றாகக் குத்துங்கள், சட்டத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். மட்டப்பலகையால் இழுத்துவிட்டுக் காத்திருங்கள். மேலே ஊறும் தண்ணீர் மறைய ஒரு மணித்தியாலமும் செல்லலாம், இரண்டும் செல்லலாம். அதன் பின்னரே சாந்தகப்பையால் அழுத்தி மினுக்க வேண்டும். அவசரப்பட்டு வறட்டுச் சீமெந்துத் தூளைத் தூவி மினுக்கும் மேசன்மார் உண்டு. அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். சில மாதத்தில் சிலந்தி வலை போல வெடிப்பு ஓடும்.

மறுநாள் சட்டத்தைக் கழற்றலாம், தட்டைத் தொடக்கூடாது. ஈரச் சாக்கால் மூடி ஏழு நாளும் காயவிடாமல் நனையுங்கள். சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்தே இறுகுகிறது. கிணறு வற்றும் ஆவணி, புரட்டாதியில் இந்த வேலையைத் தொடங்கினால் குடிதண்ணீருக்கும் தட்டுக்கும் போட்டி வரும். காலபோக அறுவடை முடிந்த கையோடு செய்வதே வசதி: கையும் ஓய்வு, கிணற்றிலும் தண்ணீர் இருக்கும்.

இரண்டு வாரம் சென்றபின் தூக்குங்கள். தூக்கும்போது கதவைக் கொண்டுபோவது போல நீளப்பக்கம் நிலத்தை நோக்க நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். பாயைப் போலப் படுக்கையாகத் தூக்கினால் நடுவில் முறியலாம். தாங்குவதற்கு ஆறு அங்குலச் சீமெந்துக் கல்லால் மூன்று கட்டு, வீட்டுச் சுவரோடு ஒட்டினாற்போல. நடுக்கட்டில் இரண்டு தட்டும் மூன்று மூன்று அங்குலம் இருக்கும். ஒன்றுக்கு எட்டு என்ற மெலிந்த சாந்தால் கட்டினால், பிரிக்கும்போது கல் உடையாமல் வரும். கட்டின் தலையில் ஒரு பொலித்தீன் துண்டை விரித்து அதன் மேல் சாந்து பரப்பித் தட்டை இருத்துங்கள், ஒட்டிப் பிடிக்காது. உயரத்தை மேசனிடம் கேட்க வேண்டாம், சமைப்பவரிடம் கேளுங்கள். அவர் நிமிர்ந்து நின்று கையை மடக்கினால், முழங்கைக்கு நாலு விரல் கீழே மேடை வர வேண்டும்.

இந்த மேடையில் நேரே தீ மூட்டக் கூடாது. சூடேறிய கொங்கிறீற்று சத்தத்தோடு செதில் செதிலாகத் தெறிக்கும். விறகடுப்புக்குச் செங்கல்லும் களிமண்ணும் கொண்ட தனித் திட்டே பாதுகாப்பு. சுடுபானையைப் புரிமணையில் வையுங்கள். தேசிக்காய், புளி, வினாகிரி பட்டால் உடனே துடையுங்கள். புளிப்பு சீமெந்தை அரித்து வெள்ளையாக்கும். தட்டு நன்றாகக் காய்ந்தபின் வெயிலில் சூடேற்றி மெழுகுதிரித் துண்டால் தேய்த்துத் துணியால் மினுக்கினால் கறை இலகுவில் ஊறாது. கோவிலில் எரிந்து மிஞ்சும் துண்டுகளுக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியாது. கேட்டு வருபவர்களுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

வாசலில் கேள்வி கேட்ட தாய் மறு வருடம் மாசியில் இரண்டு தட்டு வார்த்தார். அவர் அடித்த பனஞ்சலாகைச் சட்டம் அயல் வீடுகளுக்கெல்லாம் போய், இப்போது ஏழாவது வீட்டில் நிற்கிறது. மிஞ்சிய அரைப் பைச் சீமெந்தை அவர் தரையில் வைக்காமல் மரக்கட்டை மேல் வைத்து இறுகக் கட்டி, இரண்டு கிழமைக்குள் கிணற்றுக் கட்டின் வெடிப்புக்குப் பூசி முடித்துவிட்டார்.