சேவைத் தாபனங்களின் விலைமதிப்பு

மடுல்கெல்லையில் ஒரு தேயிலைத் தோட்டம் கைமாறுமாயின், அதன் விலையை மதிப்போர் நோக்குவன யாவை என்பதை அவ்வூரார் நன்கறிவர். ஏக்கர் எத்தனை, செடிகளின் வயதென்ன, தொழிற்சாலை எந்நிலையில் உளது, பாதை லொறி செல்லத்தக்கதோ என்பனவே அவை. இவை யாவும் கண்ணாற் காணத்தக்கன. பிற தாபனங்களின் கணினிகளை மாதக் கட்டணம் பெற்றுப் பராமரிக்கும் ஒரு தாபனம் விற்கப்படுமாயின், வாங்குவோர் எதற்கு விலை கொடுக்கின்றனர்? சில மேசைகளுக்கும் பழைய கணினிகளுக்கும் அன்று. இன்றைய வாடிக்கையாளர் நாளையும் பணங் கொடுப்பர் என்னும் எதிர்பார்ப்புக்கே விலை கொடுக்கின்றனர்.

ஆதலின் மதிப்பீட்டாளர், வட்டி, வரி, தேய்மானம் ஆகியன கழிக்கப்படுமுன் உள்ள ஆண்டு இலாபத்தை எடுத்து, அதனை ஓர் எண்ணாற் பெருக்குவர். உரிமையாளர் சம்பளம் பெறாது தாமே உழைத்திருப்பின், அவரிடத்தில் இன்னொருவரை அமர்த்தும் செலவை முதலிற் கழித்தல் வேண்டும். இதனை மறப்போர் இல்லாத இலாபத்துக்கு விலை கொடுப்பவராவர். பெருக்கும் எண் எத்துணையாகும் என்பது வருமானத்தின் தன்மையைப் பொறுத்தது. பல்லாண்டு ஒப்பந்தத்தின்படி மாதந்தோறும் வரும் கட்டணத்துக்கு மதிப்பு மிகுதி. ஒருமுறை கணினி விற்றுப் பெற்ற இலாபத்துக்குக் குறைவு. வருமானத்திற் பெரும்பகுதி ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருமாயின் மதிப்பு மேலுங் குறையும்.

மடுல்கெல்லை மலைகள் முன்னர்க் கோப்பி விளைந்தவை. 1869 இல் இலங்கையிற் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோதும் நிலம் எஞ்சியது. அந்நிலத்திலேயே தேயிலை நடப்பட்டது. சேவைத் தாபனத்திலோ, வாடிக்கையாளரும் தேர்ந்த பணியாளரும் நீங்கினால் மீண்டும் நடுதற்கு நிலமில்லை.

இவ்விடர்ப்பாட்டை விளக்கவல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1996 இல் கிரிஸ் கனேகரத்தின முதலியோரால் தொடங்கப்பெற்று, அமெரிக்காவைத் தலைமையிடமாகவும் கொழும்பைப் பெரிய பணிக்களமாகவுங் கொண்ட விர்ட்டூசா என்னும் கம்பெனி, சென்னைப் பொலாரிஸ் கம்பெனியின் 51.7 சதவீதப் பங்குகளை ஏறத்தாழ 18 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கப்போவதாக 2015 நவம்பரில் அறிவித்தது. அக்கணக்கின்படி முழுக் கம்பெனியின் மதிப்பு ஏறத்தாழ 35 கோடி டொலர். பொலாரிசின் மிகப்பெரிய வாடிக்கையாளர் சிற்றி வங்கி. அவ்வங்கி விலகுமாயின் அவ்விலைக்குப் பொருளேது? ஆகவே விற்போருடன் மட்டுமன்றி வங்கியுடனும் உடன்பாடு செய்யப்பட்டது. விர்ட்டூசாவையும் பொலாரிசையும் தன் விருப்பத்துக்குரிய சேவை வழங்குநராக ஏற்க வங்கி இசைந்தது. அதற்கீடாகக் கட்டணச் சலுகையும் பெற்றது. அச்சலுகையும் விலையின் ஒரு கூறே என்பதைப் பலர் கருதுவதில்லை. 2016 மார்ச்சில் விற்பனை நிறைவேறியது.

பின்னர் விர்ட்டூசாவே விற்கப்பட்டது. பங்கொன்றுக்கு 51.35 டொலராக, ஏறத்தாழ 200 கோடி டொலருக்கு அதனை வாங்கும் ஒப்பந்தத்தை பேரிங் என்னும் ஆசிய முதலீட்டுத் தாபனம் 2020 செப்டெம்பரிற் செய்தது. 2020 மார்ச்சில் முடிந்த ஆண்டில் அதன் வருவாய் ஏறத்தாழ 131 கோடி டொலர். எனவே விலை வருவாயின் ஒன்றரை மடங்காகும். வருவாயை மட்டும் பெருக்கும் இம்முறை எளிது. ஆயினும் செலவு மிகுந்த தாபனத்தையும் சிக்கனமான தாபனத்தையும் அது ஒரே தட்டில் நிறுத்துவதால் தனித்து நம்பத்தக்கதன்று.

சிறு தாபனங்களுக்குச் சிற்றி வங்கி போன்ற வாடிக்கையாளரைப் பேச்சுக்கு அழைத்தல் இயலாது. விலையில் ஒரு பங்கைப் பின்னர்க் கொடுக்கும் ஏற்பாடே அங்குப் பயன்படும். விலையிற் பெரும்பகுதியை உடனே கொடுத்து, எஞ்சியதை ஓரிரு ஆண்டின்பின், வாடிக்கையாளர் நிலைத்த அளவுக்கேற்பக் கொடுப்பர். விற்றவர் அக்காலம்வரை தாபனத்திற் பணியாற்றுதலும் உண்டு. வாங்கியவரின் பிழையால் வாடிக்கையாளர் விலகினால் நட்டம் யாரைச் சாரும் என்பதே இதில் எழும் பெரும் பிணக்கு. அதனால் எந்த வாடிக்கையாளர், எத்துணைக் கட்டணம், எத்திகதிவரை என்பன ஒப்பந்தத்தில் ஒவ்வொன்றாக எழுதப்படுதல் வேண்டும்.