பேருருவப் பகையும் உருவமற்ற காரணங்களும்: ‘2.0’ திரைப்படத் திறனாய்வுகளும் பழவேற்காட்டுக் கரைநிலமும்

ஆய்வுச் சுருக்கம்

இயக்குநர் ஷங்கரின் ‘எந்திரன்’ (2010) திரைப்படத்தின் தொடர்ச்சியாக வெளிவந்த ‘2.0’ (2018) குறித்த எதிர்வினைகளில் மூன்று குறைகள் மிகுதியும் சுட்டப்பட்டன. கதையோட்டத்தின் தொய்வு, காட்சித் தொழில்நுட்பம் கதையை விஞ்சி நின்றமை, அறிவியல் அடிப்படையின் வலுவின்மை என்பன அவை. தனித்தனியே பேசப்பட்ட இம்மூன்றும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பல காரணங்களால் மெல்ல நிகழும் பறவைகளின் அழிவை ஒற்றைப் பகையின் பேருருவமாகச் சுருக்கியதே அம்மூலம். இதனை உறுதிப்படுத்த, எளாவூரை அடுத்த பழவேற்காடு ஏரியின் பறவை வாழ்வு ஒப்பிட்டு நோக்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: 2.0, எந்திரன், திரைப்படத் திறனாய்வு, காட்சித் தொழில்நுட்பம், முதற்பொருள், கருப்பொருள், பழவேற்காடு

முன்னுரை

‘2.0’ 2018 நவம்பர் 29 அன்று வெளியானது. முந்தைய படத்தின் அறிவியலாளர் வசீகரனும் எந்திர மனிதன் சிட்டியும் இதில் மீண்டும் வருகின்றனர். செல்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மடிவதைக் கண்டு உயிர்நீத்த பறவையியலாளர் பக்ஷிராஜன் (அக்ஷய் குமார்), செல்பேசிகளால் ஆன பெரும்பறவையாக எழுந்து மனிதரைத் தாக்குகிறார். அவரை அடக்கச் சிட்டி மீண்டும் உயிர்ப்பிக்கப்படுகிறது. இப்பாத்திரத்தின் தோற்றத்தில் பறவையியலாளர் சாலிம் அலியின் (1896–1987) சாயல் உண்டு என்பது பலராலும் சுட்டப்பட்டது. முப்பரிமாணக் கருவிகளைக் கொண்டே படமாக்கப்பட்ட இதன் தொழில்நுட்பத் தரத்தைத் திறனாய்வாளர் பெரும்பாலும் பாராட்டினர். கதையைப் பற்றி அத்தகைய உடன்பாடு எழவில்லை.

நீளம் என்னும் குறை

தொடர்ச்சிப் படங்களின் மீது உலகெங்கும் முதலில் வைக்கப்படும் குறை நீளம் பற்றியது. மைக்கேல் பே இயக்கிய ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: ரிவெஞ்ச் ஆஃப் த ஃபாலன்’ (2009) ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஓடுவது. அதன் நீளத்தைப் பொறுக்க இயலவில்லை என எழுதிய அமெரிக்கத் திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட், அதற்கு ஒரு விண்மீன் மட்டுமே வழங்கினார். மோசமான படம், இயக்கம், திரைக்கதை ஆகியவற்றுக்கான கோல்டன் ராஸ்பெரி விருதுகளும் அதற்கே கிடைத்தன. ஆயினும் அது உலகளவில் பெருவசூல் ஈட்டியது. தமிழில் ஷங்கரின் ‘இந்தியன் 2’ (2024) மூன்று மணி நேர அளவில் வெளியாகி, நீளம் குறித்த எதிர்ப்பு எழுந்தபின் ஏறத்தாழ 12 நிமிடங்கள் குறைக்கப்பட்டது.

‘2.0’ படத்தின் நிலை இவற்றினின்று சற்றே வேறுபட்டது. ‘எந்திரன்’ மூன்று மணி நேரத்தை நெருங்குவது, ‘2.0’ அதனினும் ஏறத்தாழ அரை மணி குறைந்தது. பாடல் காட்சிகளும் மிகக் குறைவு. அவ்வாறாயின், முந்தைய படத்தில் பெரிதாக எழாத தொய்வுணர்வு குறுகிய படத்தில் ஏன் எழுந்தது? நீளம் என்பது நிமிடக் கணக்கு அன்று. காட்சிக்கும் காரணத்திற்கும் உள்ள விகிதம் என்பதே இதற்கு விடை. ‘எந்திரன்’ படத்தில் ஒவ்வொரு பெருங்காட்சியும் ஒரு வினாவைத் தொடர்ந்து வருகிறது. உணர்வு பெற்ற எந்திரம் யாருக்குக் கட்டுப்படும்? அதன் காதலுக்கு என்ன பொருள்? ‘2.0’ படத்திலோ பகைவரின் முன்கதை முடிந்ததும் வினாவும் முடிந்துவிடுகிறது. விளையாட்டரங்கில் நிகழும் பேருருவங்களின் மோதலில் முடிவு செய்வதற்குரியது வலிமை ஒன்றே. அங்கே காட்சி வளர்கிறது, பொருள் வளர்வதில்லை.

2008இல் மறைந்த எழுத்தாளர் சுஜாதாவின் இன்மையை இக்குறையோடு இணைத்துப் பேசியோரும் உளர். ‘எந்திரன்’ உரையாடலில் அவருக்குப் பங்கு உண்டு. ‘2.0’ படத்தின் எழுத்துப் பணியில் ஷங்கருடன் இணைந்தவர் ஜெயமோகன். எனினும், உரையாடலின் சுவையைக் காட்டிலும் கதைக் காரணத்தின் அமைப்பே இங்கு முதன்மையான சிக்கல்.

அறிவியல் சார்ந்த எதிர்வினை

படம் வெளியாகும் முன்னரே, இந்தியச் செல்பேசிச் சேவை நிறுவனங்களின் கூட்டமைப்பு தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. செல்பேசி, கோபுரம் ஆகியவை பற்றி அறிவியலுக்கு மாறான கருத்தைப் படம் பரப்புகிறது என்பது அதன் வாதம். வணிக நலன் சார்ந்த தரப்பின் வாதம் என்பதால் அதனை அப்படியே ஏற்பதற்கில்லை. அப்படியே தள்ளுவதற்கும் இல்லை.

இவ்வச்சம் படத்திற்கு முன்பே அரசின் கவனத்திற்கு வந்ததாகும். தொடர்புக் கோபுரங்கள் பறவை, தேனீ முதலியவற்றின் மீது ஏற்படுத்தும் விளைவை ஆராய, நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010இல் வல்லுநர் குழுவை அமைத்தது. குழுவும் முன்னெச்சரிக்கையை வலியுறுத்தியது. 2012 செப்டம்பர் முதல் கோபுரக் கதிர்வீச்சின் உச்ச வரம்பு பன்னாட்டுப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. 2014இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஜெர்மானிய ஆய்வு, மனிதர் உருவாக்கும் மின்காந்த இரைச்சல் வலசைப் பறவையின் திசையறி திறனைக் குலைப்பதை நிறுவியது. ஆனால் அவ்வாய்வு சுட்டிய அலைவரிசை 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது. செல்பேசி இயங்குவதோ அதனினும் பன்மடங்கு உயர்ந்த அலைவரிசையில். செல்பேசியோடு அடிக்கடி இணைத்துப் பேசப்படும் சிட்டுக்குருவி, பெருநகரங்களில் குறைந்தாலும் நாடு முழுவதும் நோக்க நிலையாகவே உள்ளது என இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2020ஆம் ஆண்டு அறிக்கை தெரிவித்தது. ஆகவே ஐயத்திற்கு இடமுண்டு. ஆனால் படம் கூறும் உறுதிக்கு இடமில்லை.

எளாவூர்க் கரையில் ஓர் ஒப்பீடு

பறவைகளின் நலிவுக்குச் செல்பேசி ஒன்றே காரணம் என்னும் கூற்றை ஒரு குறிப்பிட்ட நிலத்தில் வைத்து நோக்கினால் அதன் குறை தெளிவாகும். கும்மிடிப்பூண்டி வட்டத்தில், சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையின் சோதனைச்சாவடியால் அறியப்படும் எளாவூருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி விரிகிறது. சிலிகாவை அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. தமிழகப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டர் பரப்பு 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் பிற நீர்ப்பறவைகளும் இங்குத் திரள்கின்றன.

இவற்றின் வரவை முடிவு செய்வது நீரின் அளவும் தன்மையும் ஆகும். பூநாரை ஆழமற்ற நீரில் நின்று நுண்ணுயிர்களை வடித்து உண்பது. ஏரி வற்றினாலும் நீர் மிகுந்தாலும் அதற்கு இரையிடம் இல்லை. ஆரணியாறும் காளாங்கி ஆறும் கொணரும் நன்னீர், முகத்துவாரம் வழியே புகும் கடல்நீர் ஆகிய இரண்டின் கலப்பே ஏரியின் உயிர். கடலோர நீரோட்டம் கொணரும் மணலால் முகத்துவாரம் அடைபட்டால் கடல்நீர் வரத்து குன்றுகிறது. கோடையில் நீர் சுருங்கி உவர்ப்பு மிகுகிறது. இறால், மீன் ஆகியவற்றின் இளங்குஞ்சுகள் ஏரிக்குள் புக இயல்வதில்லை. அப்போது பறவையின் இரையும் மீனவரின் வலைப்பாடும் ஒருங்கே குறைகின்றன. இதனாலேயே முகத்துவாரத்தைத் தூர்வாரி நிலைப்படுத்த வேண்டும் என்பது இக்கரை மீனவரின் நெடுநாள் கோரிக்கையாக இருந்துவந்துள்ளது. தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளிப் பகுதிகளில் எழுந்த துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் இக்கவலையோடு சேர்த்துப் பேசப்படுவன.

மணல், உவர்ப்பு, ஆற்றுநீர்க் குறைவு ஆகியவற்றுக்கு முகமில்லை. அவற்றோடு விளையாட்டரங்கில் மோத இயலாது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், புள்ளைக் கருப்பொருள்களுள் ஒன்றாகவும் வைத்தது. முதற்பொருள் திரிந்தால் கருப்பொருளும் திரியும் என்பது அவ்வைப்புமுறையிலிருந்து பெறத்தக்க தெளிவு. ‘2.0’ பறவையின்பால் உண்மையான பரிவு கொண்ட படமே. ஆயினும் அதில் நீரும் நிலமும் பருவமும் பின்னணியாக வருகின்றனவேயன்றிக் காரணமாக வருவதில்லை. அதன் பறவை முதற்பொருளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட கருப்பொருள் ஆகும்.

மறுப்பும் விடையும்

கற்பனைப் படைப்பு பாடநூல் அன்று. பேருருவம் ஓர் உருவகமே என மறுக்கலாம். இம்மறுப்பு பொருட்படுத்தத்தக்கது. ஜப்பானின் ‘காட்சில்லா’ (1954) அதற்குச் சிறந்த சான்று. அவ்வாண்டு மார்ச்சில் பிகினித் தீவில் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனையின் கதிரியக்கத்திற்கு ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு ஆளாயிற்று. அவ்வதிர்ச்சி ஆறுவதற்குள் வந்த அப்படம், கடலில் படகொன்று அழிவதிலிருந்தே தொடங்குகிறது. அங்குப் பேருருவம் அணுச்சோதனை என்னும் காரணத்தையே சுமந்து நின்றது; விலங்கு வீழ்ந்த பின்னும் அச்சம் எஞ்சியது. எனவே பேருருவம் தன்னளவில் குறை அன்று. காரணத்தை விளக்காமல் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போதே அது குறையாகிறது. ‘2.0’ இறுதியில் பகைவர் அடங்குகிறார். தொழில்நுட்பத்தைக் கட்டுப்பாட்டுடன் பயன்படுத்த வேண்டும் என்னும் அறிவுரை எஞ்சுகிறது. செல்பேசியைக் குறைத்துக்கொண்ட பார்வையாளர் தம் கடன் முடிந்ததாகக் கருத இடமுண்டு. முகத்துவாரமோ அடைபட்டே கிடக்கலாம்.

முடிவுரை

தொய்வு, காட்சி மிகுதி, அறிவியல் பிழை ஆகிய மூன்றையும் இணைத்து நோக்கும்போது பின்வருவன பெறப்படுகின்றன. ஒற்றைக் காரணத்தைத் தேர்ந்தமையால் அறிவியல் வலுவிழந்தது. அக்காரணம் கண்ணுக்குப் புலனாக வேண்டியிருந்தமையால் காட்சி பெருகியது. காரணம் விரைவில் தீர்ந்தமையால் எஞ்சிய நேரம் நீளமாக உணரப்பட்டது. சூழலியல் பேசும் தமிழ்த் திரைப்படங்களை மதிப்பிடுவோர், காட்சியின் தரத்தோடு அப்படம் நிலத்தைக் காரணமாக நிறுத்துகிறதா பின்னணியாக நிறுத்துகிறதா என்பதையும் அளவுகோலாகக் கொள்ளலாம். அவ்வளவுகோல் பறவையை அதன் நீரோடும், அந்நீரை நம்பி வாழும் மனிதரோடும் சேர்த்துக் காண வழிசெய்யும்.