ஊறுகாயும் வினாகிரியும்

கொழும்புத் தமிழர் இல்லங்களில், சிறப்பாக வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில், உணவு மேசையின் மீது இருவகைச் சாடிகளைக் காணலாம். ஒன்று, யாழ்ப்பாணத்து உறவினர் பத்திரமாகக் கட்டிக் கொணர்ந்த தேசிக்காய் ஊறுகாய். மற்றையது, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பேரீச்சம்பழமும் அரைத்த கடுகும் வினாகிரியில் ஊறிய அச்சாறு. முன்னையதில் வினாகிரி ஒரு துளியேனும் இல்லை. பின்னையதோ வினாகிரி இன்றேல் நில்லாது. அருகருகே அமர்ந்திருக்கும் இவ்விரண்டும் வெவ்வேறு வழியால் வந்தவை. வெவ்வேறு வகையால் கெடாது நிற்பவை. அவ்வேறுபாட்டை அறியாது ஒன்றின் முறையை மற்றொன்றுக்கு ஏற்றிச் சாடிகளைப் பழுதாக்கும் இல்லங்கள் இக்காலத்துப் பெருகிவருதலின், அதனைச் சிறிது விரித்துரைத்தல் பயனுடைத்து என எண்ணுகின்றோம்.

முதற்கண் நமது ஊறுகாய். தேசிக்காயை நாலாகக் கீறி, அடி பிரியாமல் வைத்து, உப்பை அடைத்துச் சாடியில் இடுவர். உப்பு காயினுள் உள்ள நீரை வெளியே இழுக்கும். சில நாட்களிற் காய் தன் சாற்றிலே தானே மிதக்கும். பின்னர்ப் பகலிலே காயை எடுத்து வெயிலிற் பரப்பி, மாலையில் மீண்டும் அச்சாற்றிலே இடுவர். தோல் கறுத்துச் சுருங்கும்வரை இது நிகழும். ஈற்றிலே செத்தல் மிளகாய்த் தூளும் வறுத்திடித்த வெந்தயமும் சேரும். இதிலே புளிப்பு வெளியிலிருந்து வரவில்லை என்பது கருதற்பாலது. தேசிக்காய்ச் சாற்றில் நூற்றுக்கு 5, 6 பங்கு சித்திரிக் அமிலம் இயல்பாகவே உண்டு. வெயில் நீரைப் போக்க, உப்பும் அமிலமும் செறிவடைகின்றன. அச்செறிவில் அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் வாழமாட்டா. மாங்காய்க்கும் நாரத்தங்காய்க்கும் இதே நியாயந்தான். தமிழகத்து மாவடு தன் உப்புநீரிலே ஆண்டு முழுதும் கிடப்பதும் இதனாலேயே. மோர் மிளகாய் சற்று வேறு. அங்கே மோரிலுள்ள இலற்றிக் அமிலமும் உப்பும் மிளகாயினுள் ஊறிச்செல்ல, வெயில் அதனை உலர்த்தி முடிக்கின்றது.

சிங்கள மக்களின் 'லுணு தெஹி' என்னும் உப்புத் தேசிக்காயும் ஏறக்குறைய இதே முறையினதே. அவர்தம் 'தெஹி'யும் நமது 'தேசி'யும் ஒலியால் எத்துணை நெருங்கியவை என்பதை மொழி வல்லோர் ஆராய்க.

இனிப் புளிப்பில்லாப் பொருள்களை நோக்குவோம். கத்தரிக்காய், வெங்காயம், உள்ளி, மீன் ஆகியவற்றில் அவற்றைக் காக்கத்தக்க அமிலம் இல்லை. அவை புளிப்பைக் கடன் வாங்கவேண்டும். தென்னிலங்கைக் கரையோரத்தார் மீனை உப்போடும் கொறக்காப் புளியோடும் அடுக்கி வைப்பர். அதன் பெயர் 'ஜாடி', நம் செவிக்குச் சாடியையே நினைவூட்டுவது. கத்தரிக்காய் மோஜுவுக்கும் அச்சாற்றுக்கும் புளிப்பைக் கடன் கொடுப்பது வினாகிரி.

வினாகிரி பிறக்கும் வகை வியப்பானது. வாதுவை தொடங்கிக் களுத்துறைக்கு அப்பாலும் கரையோரமாகச் செல்வோர், தென்னைக்குத் தென்னை கட்டிய கயிற்றின்மேல் நடந்து சீவற்றொழிலாளர் பாளை சீவுவதைக் கண்டிருப்பர். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருப்பின் இறங்குவது இனிய பதநீர். வடக்கே பனையிலிருந்து கருப்பநீர் இறக்கிப் பனங்கட்டி காய்ச்சுவோர் செய்வது இதுவே. சுண்ணாம்பு இல்லையேல், காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவம் சீனியை மதுசாரமாக மாற்றத் தொடங்கும். மரத்தை விட்டு இறங்குமுன்னரே அது கள். அக்கள்ளைக் காற்றுப்பட வாரக்கணக்கில் விட்டுவைத்தால் வேறொரு கூட்டத்து நுண்ணுயிர்கள் மதுசாரத்தை அசற்றிக் அமிலமாக மாற்றுகின்றன. இம்மாற்றத்துக்குக் காற்று இன்றியமையாதது. ஆதலாற் போத்தலை இறுக மூடிவைத்தவன் வினாகிரியைப் பெறான். இவ்வேலையைச் செய்வன உயிருள்ளவையே எனப் பிரான்சு தேசத்து லூயி பாஸ்ரர் நிறுவி, 1868 இல் வினாகிரி பற்றிய தமது நூலை வெளியிட்டார். அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மாந்தர் அதனைச் செய்துவந்தனர்; காரணம் மட்டுமே அறியாதிருந்தனர்.

வினாகிரி என்னும் சொல் போர்த்துக்கேயரது. 1505 இல் இந்நாட்டுக் கரையை அடைந்த அவர்கள் அலுமாரி, மேசை, பாண் என்பவற்றோடு இச்சொல்லையும் நம்மிடம் விட்டுச் சென்றனர். கோவையிலே, நாம் கூறுவது கொங்குநாட்டுக் கோவையை அன்று, மேற்குக் கரையின் கோவா நகரை, வினாகிரியும் உள்ளியும் இட்ட அவர்களது இறைச்சிப் பாகமே 'விண்டலு' ஆயிற்று. அச்சாறு என்னும் சொல்லோ பாரசீகத்தது. அது கடல்வழியே மலாய் நாடுகளுக்கும் பரவி, பிலிப்பைன்ஸ் தீவுகளில் பப்பாசிக்காய் ஊறலுக்கு 'அச்சாரா' எனப் பெயராயிற்று. அங்கும் தென்னங்கள்ளு வினாகிரியே பெருவழக்கு. ஒல்லாந்தர் காலத்தில் யாவா முதலிய தீவுகளிலிருந்து போர்வீரராகவும் நாடு கடத்தப்பட்டோராகவும் கொழும்புக்கு வந்த மலாயரின் பெயராலேயே 'மலே அச்சாறு' இன்றும் வழங்குகின்றது. புரியாணி உண்ணும் முஸ்லிம் இல்லங்களில் அது இல்லாத விருந்து அரிது. ஆக, நாம் கொழும்பிற் கற்ற பாடம் அச்சாறு. கொண்டுவந்த பாடம் ஊறுகாய்.

பிற நாடுகளிலும் இவ்விரு வழிகளே. கொரியர் கோவாவையும் முள்ளங்கியையும் உப்பிலிட்டுப் புளிக்கவைக்கும் 'கிம்ச்சி' தன் புளிப்பைத் தானே ஆக்கிக்கொள்வது. குளிர்காலத்துக்கு முன் ஊரார் கூடி அதனைச் செய்யும் வழக்கம் 2013 இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஜெர்மானியரின் புளித்த கோவாவும் இவ்வினமே. 1768 இல் கடற்பயணம் புறப்பட்ட கப்பித்தன் குக் அதனைப் பீப்பாய்களில் ஏற்றிச் சென்றார். மாலுமிகள் அதனை முதலில் விரும்பவில்லை. குக் அவர்களை வற்புறுத்தாமல், அதிகாரிகளின் மேசையிலே நாள்தோறும் பரிமாறச் செய்தார். பெரியோர் உண்பதைக் கண்டவுடன் மாலுமிகளும் கேட்டு வாங்கினர். மனித இயல்பை அறிந்த மனிதர்! வினாகிரியிலும் ஒவ்வொரு நாட்டார் தத்தம் விளைபொருளையே நாடினர்: ஐரோப்பியர் முந்திரிகைச் சாறு, சீனர் அரிசியும் சோளமும், நாம் தென்னை. இத்தாலியின் மோதனா நகரத்தார் பழச்சாற்றைக் காய்ச்சிப் பீப்பாய்க்குப் பீப்பாய் மாற்றிக் குறைந்தது 12 ஆண்டு வைத்திருப்பர்.

கள்ளிலிருந்து பிறந்ததைச் சைவர் இல்லத்தில் ஏற்கலாமா என்னும் வினா நம்மவரிடையே மெல்லிய குரலில் இன்றும் எழுவதுண்டு. விரத நாட்களில் வினாகிரியைத் தவிர்க்கும் இல்லங்கள் பல. அவர்தம் உணர்வை நாம் மதிக்கின்றோம். தேசிக்காய்ச் சாறும் பழப்புளியும் இருக்கையில் அவர்களுக்குக் குறையுமில்லை. ஆயினும் இரண்டு செய்திகளை இங்கு நினைவூட்டுதல் தகும். ஒன்று, இயற்கை வினாகிரி எதுவாயினும், இளநீரிலிருந்தோ அரிசியிலிருந்தோ வந்ததாயினும், மதுசார நிலையைக் கடந்தே வருகின்றது. ஆதலால் 'இது கள்ளு வினாகிரி அன்று, தேங்காய்த் தண்ணீர் வினாகிரி' என்று அமைதி கொள்வதிற் பொருளில்லை. மற்றொன்று, புளித்த நீரும் ஊறுகாயும் நமக்குப் புதியன அல்ல. 'காடி' என்னும் பழந்தமிழ்ச் சொல் புளித்த கஞ்சியையும் புளித்த நீரையும் ஊறுகாயையும் குறிக்கும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலே, பாணர் பெறும் உணவுகளுள் மாவடு இட்ட காடியும் ஒன்று. அதனை அளிக்கும் இல்லம் அந்தணர் இல்லம். சித்த மருத்துவ நூல்களும் காடியை எடுத்தாள்கின்றன.

எமது கவலை வேறிடத்தது. கடைகளில் வினாகிரி என விற்கப்படுவன யாவும் தென்னையிலிருந்து வந்தவை அல்ல. தொழிற்சாலையில் ஆக்கிய அசற்றிக் அமிலத்தை நீரிற் கலந்ததும் உண்டு. இவ்வமிலம் இறப்பர்ப் பாலை உறையச் செய்யவும் பயன்பட்டது. உரிய அளவில் நீர் கலந்த உணவுத்தரமான செயற்கை வினாகிரி தீங்கு செய்யும் என்று நாம் கூறவில்லை. ஆனால் அதிலே மணமும் இல்லை, சீவற்றொழிலாளரின் உழைப்புக்குப் பயனும் இல்லை. போத்தலில் ஒட்டிய துண்டை வாசித்து வாங்குவதே முறை. கலப்பற்ற அமிலத்தை மலிவு கருதி வாங்கி வீட்டிலே நீர் கலப்போர் பேரிடரை விலைக்கு வாங்குகின்றனர். அது தோலையும் தொண்டையையும் எரிக்கும்.

இதனினும் மறைவான தீங்கு, புளிப்புக் குன்றிய ஊறலில் உள்ளது. பீஎச் எனப்படும் அளவு 4.6 இலும் மேற்பட்டு, காற்றும் புகாதிருப்பின், கொடிய நஞ்சை ஆக்கும் ஒருவகைப் பற்றீரியா வளரக்கூடும். அதனை மணத்தாலோ நிறத்தாலோ அறிதல் இயலாது. உள்ளியை வெறும் எண்ணெயில் இட்டு மூடி வாரக்கணக்கில் மேசையில் வைப்பதும், 'புளிப்பு மிகுதி' என்று அச்சாற்று வினாகிரியில் நீர் வார்ப்பதும் இதனாலேயே தகாதன. வினாகிரியில் நூற்றுக்கு 4 பங்கேனும் அமிலம் இருத்தல் வேண்டும்; அதனைப் பாதியாக்கினாற் காவலும் பாதியாகும். சுவை கருதுவோர் சீனியைக் கூட்டலாம். குருதியழுத்தம் உடையோர் ஊறுகாயின் உப்பைக் குறைத்துச் செய்வதைவிட, உண்ணும் துண்டைக் குறைப்பது நன்று.

யாழ்ப்பாணத்தில் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து ஓய்ந்துவிடும். முற்றத்து வெயில் எஞ்சிய மாதங்களில் வேண்டியமட்டும் உண்டு. கொழும்போ ஈரப்பதன் மிக்க நகரம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் முற்றமும் இல்லை. அங்கே தேசிக்காய் பூசணம் பிடித்தது எனக் கண்டு, பலர் அதன்மேல் வினாகிரியை ஊற்றுகின்றனர். பூசணம் பிடித்ததை எறிந்துவிடல் வேண்டும். வினாகிரி அதனை மீட்காது. கொழும்பில் ஊறுகாய் இட விரும்புவோர் மழை குறைந்த தை, மாசி மாதங்களைத் தேர்க. காயைக் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைக்க. காய் சாற்றினுள் முற்றாக அமிழ்ந்திருக்குமாறு, குறையும் அளவுக்கு வேறு தேசிக்காய்களின் சாற்றையே பிழிந்து விடுக. மொட்டைமாடிக்குச் செல்ல இசைவு கிடைக்காதவர் மேற்கு நோக்கிய யன்னலோரத்தில் அகன்ற கண்ணாடித் தட்டில் மெல்லிய துணியால் மூடி உலர்த்தலாம். பத்து நாளில் முடிவது இருபது நாளாகும், அவ்வளவே. உலோகப் பாத்திரம் ஆகாது. ஈரக் கரண்டி ஒருபோதும் ஆகாது.