சாம்பல் நோய்க்கு ஒரு நீர் மருந்து

வெள்ளரி இலையிலும் ஸ்ட்ராபெரி இலையிலும் மாவு தூவியது போல வெள்ளை படரும். அதுதான் சாம்பல் நோய். அதைத் தடுக்க ஜப்பானில் ஹைப்போகுளோரஸ் அமில நீரைத் தெளிக்கிறார்கள். பொட்டாசியம் குளோரைடு கரைத்த நீரில் மின்சாரம் பாய்ச்சினால் இது கிடைக்கும். சாதாரண உப்பிலும் தயாரிக்கலாம்தான். ஆனால் அதிலுள்ள சோடியம் மண்ணில் சேர்ந்து பயிரைக் கெடுக்கும். பொட்டாசியமோ பயிருக்கே உணவு. நல்ல தேர்வு!

2014-இல் ஜப்பான் அரசு இந்த நீரைப் பயிர்ப் பாதுகாப்புப் பொருளாக ஏற்றுக்கொண்டது. நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.5-ஐத் தாண்டக் கூடாது. குளோரின் ஒரு கிலோ நீருக்கு 10 முதல் 60 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது விதி.

பி.எச். அளவில்தான் சூட்சுமமே இருக்கிறது. அது 7.5-ஐ எட்டும்போது ஏறத்தாழ பாதி அமிலம் ஹைப்போகுளோரைட்டாக மாறிவிடும். கிருமியைக் கொல்லும் வலு அதற்கு மிகவும் குறைவு. அளவு 4-க்கும் கீழே இறங்கினாலோ, நச்சான குளோரின் வாயு கிளம்பத் தொடங்கும். அதனால் சோதனைப் பட்டையை நனைத்து பி.எச்., குளோரின் இரண்டையும் பார்த்த பிறகே தெளிக்க வேண்டும். வெயில் பட்டாலும், மண்ணும் அழுக்கும் கலந்தாலும் வீரியம் போய்விடும். ஒளி புகாத பிளாஸ்டிக் கலனில் வைத்துச் சீக்கிரம் பயன்படுத்துவதே சரி.

நேயர்களே, ஒரு வேண்டுகோள். பிளீச்சிங் கரைசலில் அமிலத்தையோ வினிகரையோ ஊற்றி வீட்டிலேயே இதைச் செய்து பார்க்காதீர்கள். அதில் எழும் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும். மூடிய அறையில் உயிரையே பறிக்கும்.