விழுகிற பல்தானே என்று விட்டுவிடலாமா?



நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு சிறு குழந்தைகளின் பல் சிகிச்சைக்குச் செலவாகிறது. இதைக் கேட்ட ஆதரவாளர் சிலர், "பால்பல் எப்படியும் விழுந்து வேறு பல் முளைக்கப் போகிறது, அதற்குப் போய் ஏன் பணம் செலவழிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். திருவிடைமருதூர் வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து வரும் தாய்மாரும் இதையேதான் சொல்கிறார்கள்: "விழப்போற பல்லுதானே ஐயா, பிடுங்கிப் போட்டுடுங்க." இதற்கு விடையை எங்கள் பல் மருத்துவப் பிரிவினரிடம் கேட்டறிந்து, எல்லாருக்கும் விளங்கும்படி இங்கே எழுதுகிறோம்.

பல் வளரும் விதம்

தாயின் வயிற்றில் சிசு ஆறு வார வளர்ச்சி அடையும்போதே பற்களுக்கு அடித்தளம் இடப்படுகிறது. பிறந்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் கீழ்த்தாடையின் முன்பல் முதலில் எட்டிப் பார்க்கிறது. இரண்டரை அல்லது மூன்று வயதுக்குள் மேலே பத்தும் கீழே பத்துமாக இருபது பால்பற்களும் வந்துவிடுகின்றன. இவற்றில் எட்டு கடைவாய்ப் பற்கள். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் ஆடி விழத் தொடங்குகின்றன. ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. மூன்று வயதில் சொத்தையாகும் கடைவாய்ப் பல்லுக்கு இன்னும் ஏழெட்டு ஆண்டு வேலை பாக்கி இருக்கிறது என்பதைத் தாய்மார் அறிந்தால், "விழப்போற பல்" என்று அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு முக்கியமான செய்தி உண்டு. ஏறக்குறைய ஆறு வயதில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமலே இது வருவதால் வீட்டார் இதையும் பால்பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் இது ஆயுள் முழுவதும் நிலைக்க வேண்டிய பல். இது போனால் இதற்குப் பதில் வேறு பல் முளைப்பதில்லை. எங்கள் சுகாதாரப் பணியாளர்கள் கிராமத்துக்குப் போகும்போது முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான்: முன்னிருந்து எண்ணி ஐந்து பல்லுக்குப் பின்னால் ஆறாவதாக ஒன்று தெரிந்தால் அது நிலையான பல்.

இடம் காப்பது ஏன்?

நமது டெல்டா விவசாயிகளுக்கு இதை விளக்குவது எளிது. நட்ட வயலில் ஒரு குத்து பட்டுப்போனால், பக்கத்துக் குத்துகள் தூர் வெடித்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அங்கே நாற்றைச் செருகினாலும் அதற்கு இடம் போதாது. வாயிலும் இதுவே நடக்கிறது.

ஒவ்வொரு பால் கடைவாய்ப் பல்லின் வேர்களுக்கிடையில், எலும்புக்குள், அதன் இடத்தில் வரவேண்டிய நிலையான பல் வளர்ந்துகொண்டிருக்கிறது. மேலே உள்ள பால்பல் அதற்கு இடத்தைக் காத்து நிற்கிறது. கீழிருந்து புதுப்பல் ஏறி வர வர, பால்பல்லின் வேர் கரைந்து, அது தானாக ஆடி விழுகிறது. பிள்ளைகள் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியும் பல்லுக்கு வேர் இல்லாதிருப்பது இதனால்தான்.

பால் கடைவாய்ப் பற்கள் அவற்றின் இடத்தில் வரும் பற்களைவிட அகலத்தில் சற்றுப் பெரியவை. கோரைப்பல்லையும் இரண்டு கடைவாய்ப் பற்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டரும் மேல்தாடையில் 0.9 மில்லிமீட்டரும் மிஞ்சும். பற்கள் வரிசையாக அமைவதற்குப் படைப்பிலேயே வைத்திருக்கும் இந்த மிச்ச இடம் இவ்வளவு சிறியது. சொத்தையினால் பல்லின் பக்கம் கரைந்தாலே இது வீணாகிவிடும். பல்லையே காலத்துக்கு முன் எடுத்துவிட்டால், ஆறு வயதுப் பல் முன்னோக்கிச் சாய்ந்து நகரத் தொடங்குகிறது. இந்த நகர்வு பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது. நான்கைந்து ஆண்டு கழித்து வரும் புதுப்பல் இடமில்லாமல் எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொள்ளலாம், அல்லது வரிசை தப்பித் தெற்றுப்பல்லாக வெளிவரலாம். அதைச் சீர்செய்ய ஆண்டுக்கணக்கில் கம்பி கட்ட வேண்டிவரும். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது எட்டாத செலவு.

வளையமும் கம்பியும்

பல்லை எடுத்தே தீரவேண்டும் என்றால், காலியான இடத்தைக் காக்க ஒரு சிறு கருவி பொருத்துகிறார்கள். பக்கத்துப் பல்லில் ஓர் எஃகு வளையத்தை மாட்டி, அதிலிருந்து ஒரு கம்பி வளைவை இடைவெளிக்கு முன்னாலுள்ள பல்வரை நீட்டி, சிமெண்ட் வைத்து ஒட்டுவார்கள். இரண்டு பக்கமும் பல் போயிருந்தால், கீழ்த்தாடையில் நாக்குப் பக்கமாக ஒரே கம்பி வைப்பதுண்டு. ஆனால் நிலையான முன்பற்கள் முளைத்த பிறகே அதைச் செய்வார்கள்.

எல்லாருக்கும் இது தேவையில்லை. முன்பல் போனால் பொதுவாக இடம் அதிகம் குறைவதில்லை. புதுப்பல் சில மாதங்களில் வரும் நிலை எக்ஸ்ரேயில் தெரிந்தால் காத்திருந்தாலே போதும். ஆறு வயதுப் பற்கள் வந்து மேலும் கீழும் நன்றாகப் பொருந்திய பிறகு முதலாம் பால் கடைவாய்ப் பல் போனால், பல நேரம் இழப்பு சிறிதே. ஆனால் இரண்டாம் பால் கடைவாய்ப் பல் போவதுதான் பெரும் நஷ்டம். ஆகவே யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று மருத்துவரே தீர்மானிக்கிறார்.

கருவி பொருத்தினால் வேலை முடிந்துவிடாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும். சிமெண்ட் விட்டுப்போனால் வளையத்துக்கடியில் உணவு தங்கி, நல்ல பல்லே சொத்தையாகும். புதுப்பல் முளைக்கும்போது கழற்றாவிட்டால் அதுவே தடையாகும். இங்கேதான் எங்கள் பாரம் இருக்கிறது. நடவுக்கும் அறுப்புக்கும் போகும் தாய் ஒருநாள் மருத்துவமனைக்கு வந்தால், அன்றைய கூலி போய்விடும். பல் வலிக்கும்போது வருவார்கள். வலி நின்றபின் வருவது கடினம். எனவே வரமுடியாத பிள்ளைகளைப் பணியாளர்கள் ஊருக்குச் சென்று பார்ப்பது, கருவி செய்வதைப்போலவே சிகிச்சையின் ஒரு பகுதி.

சொத்தையைத் தடுப்பதும் ஆற்றுவதும்

சந்தைகளில் பல்லிலிருந்து பூச்சி எடுத்துக் காட்டுவோரைக் கண்டிருப்பீர்கள். சொத்தையில் அப்படி ஒரு பூச்சி கிடையாது. வாயிலுள்ள நுண்கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலின் சுண்ணத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் இதைச் சரிசெய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே எவ்வளவு இனிப்பு தின்றான் என்பதைவிட, எத்தனை தரம் தின்றான் என்பதே முக்கியம். தேன்மிட்டாயைச் சாப்பாட்டோடு ஒருமுறை தின்பதும், தைப்பூசக் கடைத்தெருவில் நாள் முழுக்கச் சப்பிக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல. தூங்கும்போது உமிழ்நீர் குறைவதால், சர்க்கரை போட்ட பால் புட்டியோடு உறங்கும் குழந்தையின் மேல் முன்பற்கள் விரைவில் கெடுகின்றன. பால்பல்லின் எனாமல் நிலையான பல்லினுடையதில் ஏறத்தாழ பாதித் தடிப்பே. நரம்பும் மேற்பரப்புக்கு அருகிலேயே இருக்கிறது. எனவே சிறிய ஓட்டை சீக்கிரம் பெரும் வலியாகிறது.

ஈறோரத்தில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் தழும்பு தெரியும் நிலையில் கண்டால், ஃப்ளூரைடு பூசி, உணவுப் பழக்கத்தை மாற்றி, பல்லைத் திரும்ப உறுதிப்படுத்தலாம். ஓட்டை விழுந்தால், கைக்கருவியால் மென்மையாகிப்போன பகுதியைச் சுரண்டி, கிளாஸ் அயனோமர் சிமெண்ட்டால் அடைக்கலாம். மின்சாரம் இல்லாத இடத்திலும் செய்யத்தக்க இம்முறை 1980-களில் டான்சானியாவில் உருவானது. சொத்தையின்மேல் தடவி அதை நிறுத்தும் சில்வர் டயமின் ஃப்ளூரைடு என்னும் மருந்தும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இவ்விரண்டையும் ஃப்ளூரைடு பற்பசையையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. அந்த மருந்து சொத்தைப் பகுதியைக் கன்னங்கரேல் என்று ஆக்கிவிடும். ஆகையால் தாய்க்கு முன்னதாகவே சொல்லிச் சம்மதம் பெறவேண்டும். அதிகம் கரைந்த கடைவாய்ப் பல்லுக்கு எஃகு உறை போடலாம். முகம் வீங்கினாலும், இரவில் வலியால் குழந்தை விழித்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுவர வேண்டும்.

பிற நாடுகள் காட்டிய வழி

முதல் உலகப் போரில் படைக்கு வந்த இளைஞரின் பற்கள் கெட்டிருந்ததைக் கண்ட நியூசிலாந்து, 1921-இல் பள்ளிப் பல் செவிலியரைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. தாமஸ் ஹன்டர் இதற்கு முன்னின்றார். சிறு பிள்ளைகளின் பல்லை அடைப்பதும், தேவையானால் பால்பல்லை எடுப்பதும், பள்ளியிலேயே கற்பிப்பதும் இவர்கள் பணி. மலாயாவில் பினாங்கில் 1949-இல் இத்தகைய பயிற்சிப் பள்ளி வந்தது. இலங்கையில் கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவில் தொடங்கியது. இன்றும் இலங்கைப் பள்ளிகளில் பல் சிகிச்சையாளர்கள் இப்பணியைச் செய்கிறார்கள்.

நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பல் சுகாதாரப் பணியாளர், பல் தொழில்நுட்பர் ஆகிய துணைப் பணிகளையே ஏற்றுக்கொண்டது. எனவே இங்கே பல் அடைப்பது மருத்துவரின் வேலை. கண்டுபிடிப்பதும், கற்பிப்பதும், தொடர்ந்து பார்ப்பதும் பணியாளர்களின் வேலை. 2013-இல் தொடங்கிய அரசின் சிறார் நலத் திட்டத்திலும், அங்கன்வாடி, பள்ளிப் பிள்ளைகளிடம் பார்க்கவேண்டிய நோய்களில் பல் சொத்தையும் ஒன்று.

வீட்டில் செய்யவேண்டியவை

முதல் பல் முளைத்ததிலிருந்தே துலக்க வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி அளவும், மூன்று முதல் ஆறு வயதுவரை பட்டாணி அளவும் ஃப்ளூரைடு பற்பசை போதும். காலையிலும், இரவு படுக்குமுன்னும் துலக்குவது அவசியம். ஏழெட்டு வயதுவரை பெரியவரே துலக்கிவிட வேண்டும். உமிக்கரியும் செங்கல் பொடியும் எனாமலைத் தேய்க்கும், அவை வேண்டாம். இரவுப் புட்டியில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வேண்டாம். உங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும், பெண்கள் ஐக்கியத்திலும் இவற்றைச் சொல்லிக்கொடுத்தால் அதுவும் ஊழியமே.

வருகிற மாதங்களில் கருவி பொருத்தப்பட்ட பிள்ளைகள் தவறாமல் திரும்பி வரவும், அவர்களைத் தேடிச் செல்லும் பணியாளரின் வழிப்பயணத்துக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தரும் சிறு காணிக்கை ஒரு தாயின் ஒருநாள் கூலியை ஈடுசெய்து, ஒரு பிள்ளையின் பல்லை அதன் காலம்வரை காக்கிறது.