மல்யுத்தத்துக்குக் காசு கொடுப்பது யார்?

டபிள்யூ.டபிள்யூ.இ. பற்றிப் பேச்சை எடுத்தாலே நம் ஊரில் முதலில் வரும் கேள்வி, "அதெல்லாம் டூப்புதானே?" என்பது. ஆமாம், யார் ஜெயிப்பார் என்பது முன்பே முடிவானதுதான். கீழே விழுவதும், முட்டி தேய்வதும், எலும்பு உடைவதும் நிஜம். இதைக் கம்பெனியே 1989-ல் ஒப்புக்கொண்டுவிட்டது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில அவையில், இது போட்டி விளையாட்டு இல்லை, கேளிக்கை என்று அவர்கள் தரப்பே சொன்னது. விளையாட்டு என்றால் மாநில ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் உண்டு. கேளிக்கை என்றால் அந்தத் தொல்லை இல்லை.

பல பத்தாண்டுகள் கட்டிக் காத்த தொழில் ரகசியம்கூட ஒரு செலவுக் கணக்குக்காகத்தான் வெளியே வந்தது என்பதைக் கவனியுங்கள். அதனால் இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள "நிஜமா, பொய்யா" என்ற கேள்வி பெரிதாக உதவாது. "இதுக்கு யார் காசு கொடுக்கிறாங்க?" என்று கேட்டுப் பாருங்கள், நிறைய விஷயம் விளங்கும். இந்தக் கேள்விக்கான பதில் கடந்த எழுபது, எண்பது வருடங்களில் பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நாம் திரையில் பார்ப்பதும் மாறியது, அடி வாங்குகிறவரின் நிலைமையும் மாறியது.

டிக்கெட் வாங்கியவர் காலம்

1948-ல் அமெரிக்காவில் என்.டபிள்யூ.ஏ. என்ற கூட்டமைப்பு உருவானது. ஆட்டம் நடத்தும் புரமோட்டர்கள் சேர்ந்து நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் ஏரியாவில் இன்னொருவர் நுழையக் கூடாது. சினிமா விநியோகத்தில் நம் ஊரில் 'கோவை ஏரியா', 'என்.எஸ்.சி. ஏரியா' என்று பிரித்து வைத்திருப்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

அதே காலத்தில்தான் டிவியும் வீடுகளுக்குள் வந்தது. ஆரம்ப கால டிவிக்கு மல்யுத்தம் ரொம்ப வசதி: ஒரு மேடை, இரண்டு பேர், ஓரிரு கேமரா போதும். தங்க நிறச் சுருள் முடியும் அலங்கார அங்கியுமாக வந்த கார்ஜஸ் ஜார்ஜ் அப்படித்தான் நாடு முழுக்கப் பிரபலமானார்.

ஆனால் டிவியிலிருந்து பெரிதாகப் பணம் வரவில்லை. உள்ளூர் சேனலில் வரும் ஒரு மணி நேர நிகழ்ச்சி, அடுத்து நடக்கப்போகும் ஆட்டத்துக்கான விளம்பரம், அவ்வளவுதான். அதனால் டிவியில் பெரிய நட்சத்திரம் யாரோ பெயர் தெரியாத ஒருவரை மூன்று நிமிடத்தில் புரட்டி எடுப்பார். பிறகு மைக்கைப் பிடித்து தன் எதிரிக்குச் சவால் விடுவார். அந்தச் சண்டையைப் பார்க்க வேண்டுமென்றால் டிக்கெட் எடுத்து அரங்கத்துக்குத்தான் போக வேண்டும். வீரருக்குக் கூலியும் அன்றைய வசூலைப் பொறுத்தே கிடைத்தது. கூட்டம் வந்தால் கைநிறையக் காசு, வராவிட்டால் பெட்ரோல் செலவுக்குக்கூடத் தேறாது.

வீட்டிலிருந்தே காசு கட்டியவர்

இந்த ஏரியா ஒப்பந்தத்தை உடைத்தவர் வின்ஸ் மெக்மஹன். 1982-ல் தன் அப்பாவிடமிருந்து நியூயார்க் பக்கத்து கம்பெனியை வாங்கினார். கேபிள் டிவி நாடு முழுக்கப் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரே நிகழ்ச்சியை எல்லா ஏரியாவிலும் காட்ட முடியும் என்றால் வேலி எதற்கு? மற்றவர்களின் நட்சத்திரங்களை இழுத்தார், அவர்கள் ஊர் சேனல்களிலேயே நேரம் வாங்கினார். 1984 ஜனவரியில் ஹல்க் ஹோகன் பட்டம் வென்றார். 1985 மார்ச் 31 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் ரெஸில்மேனியா நடந்தது. முகமது அலி நடுவர்களில் ஒருவர். பல ஊர்களில் அரங்குகளில் பெரிய திரை கட்டி, டிக்கெட் போட்டுக் காட்டினார்கள்.

அடுத்த சில வருடங்களில் 'பே பெர் வியூ' வந்தது. குறிப்பிட்ட நாளில் ஒரு நிகழ்ச்சியை வீட்டிலிருந்தே பார்க்கத் தனியாகக் காசு கட்ட வேண்டும். வரும் பணத்தைக் கம்பெனியும் கேபிள் நிறுவனமும் பங்கு போட்டுக்கொள்ளும். நம் ஊரில் இந்த முறை பெரிதாக வரவே இல்லை. டென் ஸ்போர்ட்ஸில் ரெஸில்மேனியாவைப் பார்த்து வளர்ந்தவர்கள் கேபிள்காரருக்குக் கொடுத்த மாதச் சந்தாவோடு சரி. அமெரிக்கக் குடும்பம் ஒன்று அதே நிகழ்ச்சிக்குத் தனியாக ஐம்பது, அறுபது டாலர் கொடுத்தது பலருக்குத் தெரியாது.

கதை சொல்லும் விதமும் இதற்கேற்ப மாறியது. வாராவாரம் பகையை வளர்த்து, மாதக் கடைசியில் பே பெர் வியூவில் தீர்ப்பது என்று நேரம் குறித்துக் கதை எழுதினார்கள். திங்கட்கிழமை நிகழ்ச்சி ஏன் எப்போதும் சண்டை முடியாமலே முடிகிறது என்று எரிச்சல்பட்டிருக்கிறீர்களா? முடிவுக்குத் தனி விலை இருந்தது, அதுதான் காரணம்.

இலவசமாகக் கொடுத்த ஆட்டம்

1995 செப்டம்பரில், கேபிள் உலகின் பெரும்புள்ளி டெட் டர்னருக்குச் சொந்தமான டபிள்யூ.சி.டபிள்யூ., 'நைட்ரோ' என்ற நிகழ்ச்சியைத் திங்கள் இரவில் 'ரா'வுக்கு நேர் எதிராக ஆரம்பித்தது. தொடர்ந்து 83 வாரங்கள் நைட்ரோ ரேட்டிங்கில் முந்தியது.

இந்தப் போட்டியில் ரேட்டிங்கே ஒரு பரிசாகிவிட்டது. 1998 ஜூலை 6 அன்று அட்லாண்டாவின் ஜார்ஜியா டோமில் ஹோகனும் கோல்ட்பெர்க்கும் பட்டத்துக்காக மோதினார்கள். பே பெர் வியூவில் போட்டிருந்தால் லட்சக்கணக்கான வீடுகள் காசு கட்டியிருக்கும். அதை நைட்ரோவில் இலவசமாகக் காட்டினார்கள். அந்த வார ரேட்டிங் ஜெயித்தார்கள். ஆனால் தங்களிடமிருந்த மிகப் பெரிய சரக்கை விலையில்லாமல் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றே வருடத்தில் கடை மூடியது. அதற்கு மட்டமான கதை, அதிகச் சம்பளம், உட்கட்சிச் சண்டை என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். இருந்தாலும் கடைசி அடி வேறு இடத்திலிருந்து வந்தது. டர்னரின் நிறுவனம் டைம் வார்னரோடும் பிறகு ஏ.ஓ.எல்.லோடும் இணைந்தது. புதிய நிர்வாகி ஜேமி கெல்னர் 2001 மார்ச்சில் தங்கள் சேனல்களில் மல்யுத்தமே வேண்டாம் என்று முடிவெடுத்தார். கம்பெனியை வாங்க வந்திருந்தவர்கள் டிவி நேரம் இல்லாத மல்யுத்தக் கம்பெனி எதற்கு என்று விலகிவிட்டார்கள். மெக்மஹன் சில மில்லியன் டாலர்களுக்கு அதன் பெயரையும் பழைய டேப்களையும் வாங்கிக்கொண்டார். ஒரு மல்யுத்தக் கம்பெனியின் உயிர் சேனல்காரர் கையில் இருக்கிறது என்பதைத் தொழில் அன்று கற்றுக்கொண்டது.

பார்ப்பவர் குறைந்தார், பணம் கூடியது

ரா நிகழ்ச்சியை 1999-ல் பார்த்தவர்களில் பாதிப் பேர்கூட 2019-ல் பார்க்கவில்லை. சாதாரணமாக யோசித்தால் வருமானம் சரிய வேண்டும். நடந்தது நேர்மாறு.

என்ன காரணம்? பதிவு செய்து பார்க்கும் வசதியும் ஸ்ட்ரீமிங்கும் வந்தபின் மக்கள் விளம்பரத்தைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள். நேரலையில் பார்த்தே தீர வேண்டிய நிகழ்ச்சிகள் குறைந்துபோயின. மிச்சம் இருந்தது விளையாட்டு. மல்யுத்தத்துக்கு அதிலும் ஒரு கூடுதல் வசதி உண்டு: சீசன் முடிவு, விடுமுறை என்பதே கிடையாது, 52 வாரமும் புதுச் சரக்கு. இருக்கிற பார்வையாளர் கூட்டம் சிறிதானாலும், விளம்பரக்காரருக்கு அது அரிதாகிவிட்டது.

இது ஒரே நாளில் நடக்கவில்லை. 2014-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. தன் சொந்த ஸ்ட்ரீமிங் சேவையை மாதம் 9.99 டாலருக்கு ஆரம்பித்து, பே பெர் வியூ வியாபாரத்தைத் தானே உடைத்தது. சந்தாதாரர் பத்து லட்சத்தைத் தொட ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அதே வருடம் மே மாதம், டிவி உரிமைக்குச் சந்தை எதிர்பார்த்த விலை கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் பங்கு விலை ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. நான்கு வருடம் கழித்துக் காற்று திரும்பியது. 2018-ல் ஸ்மாக்டவுனுக்கு மட்டும் ஃபாக்ஸ் ஐந்து வருடத்துக்கு 100 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

அந்த ஆண்டிலேயே சவூதி அரேபியாவோடும் நீண்டகால ஒப்பந்தம் போட்டார்கள். டிக்கெட் விற்பனையை நம்பாமல், ஒரு அரசே மொத்தமாகப் பணம் கொடுத்து நிகழ்ச்சியை வரவழைப்பது புது வழி. 2027 ரெஸில்மேனியா ரியாத்தில்தான் என்று அறிவித்திருக்கிறார்கள்.

காலி அரங்கம் சொன்ன உண்மை

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. ஃப்ளோரிடாவில் ஒரு பெரிய மைதானத்தில் நடக்க இருந்த ரெஸில்மேனியா, ஆர்லாண்டோவில் ஒரு பயிற்சிக்கூடத்துக்குள் பார்வையாளர் யாருமே இல்லாமல் படமானது. கைதட்டல் இல்லை, விசில் இல்லை. வீரர்கள் விழும் சத்தம் மட்டும் பலகையில் எதிரொலித்தது. ஃப்ளோரிடா மாநிலம் இதை 'அத்தியாவசியத் தொழில்' பட்டியலில் சேர்த்தது.

ஏப்ரல் 15 அன்று கம்பெனி செலவைக் குறைக்கிறோம் என்று ஏராளமான வீரர்களையும் ஊழியர்களையும் வெளியே அனுப்பியது. அந்த வருடக் கடைசியில் கணக்கு வந்தது: வருமானம் சுமார் 97.4 கோடி டாலர், நிகர லாபம் 13 கோடி டாலருக்கு மேல். அதுவரை கம்பெனி காணாத லாபம்! டிக்கெட் வசூல் பெரிதாகச் சரிந்த வருடத்தில் இப்படி.

இந்தத் தொழிலின் மாற்றத்தை இந்த ஒரு வருடத்தைவிடத் தெளிவாக எதுவும் காட்டவில்லை. 1950-களில் அரங்கம் காலியாக இருந்தால் புரமோட்டர் திவால். 2020-ல் காலி அரங்கம் லாபம் கொடுத்தது, ஏனென்றால் வாடிக்கையாளர் அந்த நாற்காலிகளில் உட்காருபவர் இல்லை. உரிமையை வாங்கிய சேனல்தான் வாடிக்கையாளர்.

அடி வாங்குகிறவருக்கு எவ்வளவு?

என்.பி.ஏ. கூடைப்பந்தில் லீக்கின் வருமானத்தில் சுமார் பாதி ஆட்டக்காரர்களுக்குப் போகிறது. அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, எழுதப்பட்ட ஒப்பந்தம் இருக்கிறது. டிவி உரிமை விலை ஏறினால் அவர்கள் பங்கும் தானாக ஏறும்.

மல்யுத்தத்தில் சங்கமே இல்லை. 1986-ல் ஜெஸ்ஸி வென்டுரா வீரர்களைத் திரட்டப் பார்த்தார், நடக்கவில்லை. இவரேதான் பின்னாளில் மினசோட்டா மாநில ஆளுநரானவர். தன் குரல் இருக்கும் வீடியோ கேசட்டுகளுக்கு ராயல்டி கேட்டு வழக்குப் போட்டு 1990-களில் ஜெயித்தார். அது அவருக்குக் கிடைத்த வெற்றி, மற்றவர்களுக்கு வழி திறக்கவில்லை. டபிள்யூ.டபிள்யூ.இ.யின் வீரர்கள் இன்றும் ஊழியர்கள் கிடையாது, 'சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள்'. வேறு எங்கும் வேலை செய்ய அனுமதி இல்லை, எந்த ஊருக்கு எப்போது போக வேண்டும், என்ன பெயரில் வர வேண்டும் என்பதெல்லாம் கம்பெனி முடிவு. ஆனாலும் ஒப்பந்தக்காரர்! 2008-ல் மூன்று முன்னாள் வீரர்கள் இதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள், வழக்கு தள்ளுபடியானது.

பழைய முறை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஏரியா காலத்துப் புரமோட்டர்களில் வசூலை மறைத்தவர்கள் உண்டு. இப்போது நிச்சயமான ஆண்டுத் தொகை இருக்கிறது, பெரிய நட்சத்திரங்கள் கோடிகளில் வாங்குகிறார்கள். ஆனால் அன்று ஒரு வீரர் அரங்கத்தை எட்டிப் பார்த்தே தன் பங்கை மனக்கணக்குப் போட்டிருப்பார். இன்று பணம் வரும் இடம் பத்து வருட ஒப்பந்தம். அதில் தன்னால் எவ்வளவு வந்தது என்று எந்த வீரரும் சொல்ல முடியாது. தன்னால் வந்தது என்று காட்ட முடியாததற்கு எப்படிப் பேரம் பேசுவது?

பேரத்துக்கு இருக்கும் ஒரே பிடி, போட்டிக் கம்பெனி. 2019-ல் டோனி கான் தொடங்கிய ஏ.இ.டபிள்யூ. வீரர்களுக்குப் போக இன்னொரு இடம் கொடுத்தது. அதுவும் ஒரு சேனலோடு போட்ட ஒப்பந்தத்தில்தான் நிற்கிறது.

இப்போது எங்கே நிற்கிறது

2023 செப்டம்பரில் டபிள்யூ.டபிள்யூ.இ., யு.எஃப்.சி.யோடு சேர்ந்து டி.கே.ஓ. என்ற ஒரே நிறுவனமானது. அப்போது டபிள்யூ.டபிள்யூ.இ.க்குப் போட்ட மதிப்பு 930 கோடி டாலர். 2025 ஜனவரி 6 முதல் ரா நெட்ஃப்ளிக்ஸில் வருகிறது. பத்து வருடத்துக்கு 500 கோடி டாலருக்கு மேல். இந்தியாவிலும் அந்த ஏப்ரலில் இருந்து நெட்ஃப்ளிக்ஸில்தான். அமெரிக்காவில் பெரிய நிகழ்ச்சிகள் ஈ.எஸ்.பி.என்.னுக்குப் போய்விட்டன.

காசு கொடுப்பவர் மாறியதும் திரை மாறுவதை இப்போதும் பார்க்கலாம். நெட்ஃப்ளிக்ஸில் மணிக்கணக்குக் கட்டாயம் இல்லை, அதனால் ரா மூன்று மணி நேரம் ஓட வேண்டிய அவசியமும் போய்விட்டது. ரிங்கின் தரையில், வீரர்கள் விழுகிற இடத்திலேயே, விளம்பரச் சின்னம் அச்சாகிறது.

2034 முடிவில் நெட்ஃப்ளிக்ஸ் ஒப்பந்தம் முடிகிறது. 2001-ல் கெல்னர் எடுத்த மாதிரி ஒரு முடிவை அன்று யாராவது ஒரு நிர்வாகி எடுத்தால், டிக்கெட் வாங்கும் ரசிகரிடம் மறுபடி போய் நிற்க வேண்டியிருக்கும். அதற்குள் அந்த ரசிகருக்கு டிக்கெட் வாங்கும் வழக்கம் மிச்சம் இருக்குமா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அடுத்த முறை ரா பார்க்கும்போது மேடையோடு சேர்த்து அந்தத் தரையில் இருக்கும் சின்னத்தையும் ஒரு தடவை பாருங்கள்.